சேமஅச்சு இல்லாத கொடை

வடக்கே மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தெற்கே அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் எமது கடலோர ஊர்களைப் பற்றிய செய்திகளைத் தவறாது வாசித்து வருவோருக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். "வறிய மாணவர்களுக்குத் துவிச்சக்கர வண்டிகள் வழங்கி வைக்கப்பட்டன" என்பதே அது. எண்ணிக்கை மாறும், பிரதம அதிதியின் பெயர் மாறும், மண்டபம் மாறும், வாக்கியம் மட்டும் மாறுவதில்லை. ஒரு செய்யுளை எடுத்துச் சொல் சொல்லாக ஆராய்வது போல இவ்வாக்கியத்தையும் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும் என்னும் எண்ணம் எமக்கு நெடுநாளாகவே உண்டு. அண்மையில் அதற்கொரு வாய்ப்பு நேர்ந்தது.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை இந்நாட்டில் எவரும் மறந்திருக்கமாட்டார். பெற்றோல் நிலையங்களின் முன்னே மக்கள் நாட்கணக்கில் காத்து நின்றனர். நகர்ப்புறப் பாடசாலைகள் ஜூன் மாத இறுதியில் மூடப்பட்டன. ஆசிரியர்களாகிய நாமும் மோட்டார் சைக்கிளைச் சுவரோரம் சாத்திவிட்டு, வீட்டின் பின்புறத்தில் துருவேறிக் கிடந்ததைத் துடைத்தெடுத்து மிதிக்கத் தொடங்கினோம். அந்நாட்களில் கூட்டமாக மிதித்துப் பழகிய எமது ஊர் இளைஞர் சிலர், நெருக்கடி தணிந்த பின்னரும் அப்பழக்கத்தை விடாது ஒரு சைக்கிளோட்டக் கழகமாகவே அமைந்துவிட்டனர். வெள்ளிக்கிழமைகளில் சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டு, ஒலுவில் வரை சென்று வெயில் ஏறுமுன் மீள்வர். நல்ல இளைஞர்கள், அவருள் இருவர் எம்மிடமே படித்தவர்கள். கழகத்தின் ஆண்டு நிறைவையொட்டி 25 மாணவர்க்குத் துவிச்சக்கர வண்டி வழங்குவதெனவும், அதற்கென ஒரு சிறப்பு மலர் வெளியிடுவதெனவும் தீர்மானித்து, மலருக்கு வாழ்த்துரை ஒன்று வேண்டுமென எம்மிடம் வந்தனர். "சேர், நாலு வரி போதும்" என்றனர். மலரின் அச்சுப்படியையும் தந்து சென்றனர். வாழ்த்துரை எழுதும் நோக்குடனேயே அதனைப் புரட்டினோம். புரட்டப் புரட்ட நாலு வரியில் அடங்காத சில கேள்விகள் எழுந்தன.

முதலில் அவ்வாக்கியத்தின் இலக்கணத்தைப் பார்ப்போம். "வழங்கினார்" என்பதற்கும் "வழங்கி வைத்தார்" என்பதற்கும் வேறுபாடு யாது? ஒரு செயலைப் பின்னைப் பயன் கருதி முன்னரே செய்து முடிப்பதைக் காட்டும் துணைவினை "வை" என்பது. சொல்லி வைத்தான், வாங்கி வைத்தான் என்பன அவ்வாறு வருவன. ஈழத்துச் செய்தித் தமிழிலோ அதற்கு வேறொரு பணி வாய்த்துவிட்டது. திறந்து வைத்தல், தொடக்கி வைத்தல், வழங்கி வைத்தல் ஆகிய மூன்றும் பிரமுகர்களுக்கே உரிய வினைகள். கட்டடத்தைக் கட்டிய கொத்தன் அதைத் திறந்து வைப்பதில்லை. வண்டிக்குப் பணம் போட்டவனும் அதை வழங்கி வைப்பதில்லை. கொடுப்போனுக்கும் கொள்வோனுக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் மேடையில் நின்று, தம்முடையதல்லாத பொருளின் கைபிடியைத் தொட்டுப் புகைப்படக் கருவியை நோக்கும் கணத்தைக் குறிக்கவே இவ்வினை இன்று பயன்படுகிறது. பெறுபவன் "தெரிவு செய்யப்பட்ட வறிய மாணவர்கள்" என்னும் தொகுதிக்குள் மறைந்து விடுகிறான். பொருளோ வெறும் எண்ணிக்கையாகி விடுகிறது.

மலரும் அவ்வழியிலேயே அமைந்திருந்தது. 48 பக்கங்கள், ஒன்பது வாழ்த்துரைகள். ஈகையின் சிறப்பு, கல்வியின் சிறப்பு, இளைஞரின் சிறப்பு என எல்லாம் இருந்தன. கொடுக்கப்படும் வண்டி எத்தனை அங்குலச் சில்லுடையது, எவ்விடத்துத் தயாரிப்பு, பெறப்போகும் பிள்ளையின் வீட்டுக்கும் பாடசாலைக்கும் எவ்வளவு தூரம், ஆறு மாதம் கழித்து வண்டி பழுதானால் யாரிடம் கொண்டு செல்வது என்பன எங்கும் இல்லை. திருத்துதல் என்னும் சொல்லைத் தேடினோம். ஒரே ஓரிடத்தில் அகப்பட்டது. அச்சுப்பிழை திருத்தியவருக்கு நன்றி கூறியிருந்தனர்.

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு வாகனக் கொடை என்றதும் பாரி நினைவுக்கு வருதல் இயல்பே. பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரை நிறுத்திவிட்டு நடந்தான் பறம்பின் தலைவன் என்பது ஆண்டுதோறும் எம் மாணவர்க்கு நாமே கற்பிக்கும் செய்தி. சிறுபாணாற்றுப்படை வள்ளல் எழுவரை நிரல்பட உரைக்குமிடத்து, மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை அடுத்துப் பாரியை வைக்கிறது. இத்தகைய ஈகைக்குக் கொடைமடம் என்று பெயர். புகழ்ச்சிச் சொல்லே அது. ஆயினும் அறியாமை என்னும் பொருளும் அதனுள்ளேயே இருக்கிறது. முல்லைக்கு வேண்டியிருந்தது ஒரு கொம்பு. கிடைத்தது ஒரு தேர். பாடியோர் கண்டதெல்லாம் ஈந்தவனின் நெஞ்சத்தையே. இதனைக் குறையாகச் சொல்ல வேண்டுவதில்லை. அரசரை அண்டி வாழ்ந்த புலவர்தம் காலமும் நிலையும் அவை. ஆனால் இருபத்தோராம் நூற்றாண்டில், தானும் மிதிக்கும் ஒரு கழகம் அதே நோக்குடன் கொடுப்பதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

பாரியின் தேரை நாம் கண்ணாலே கண்டதுண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கை மாவட்டங்களுள் மிக அதிகமான உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டமே. மாண்டோர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். அப்போது நாம் எட்டாந்தரம் படித்துக்கொண்டிருந்தோம். எஞ்சியோர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒதுங்கினர். வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென 2005இல் அரசு எல்லை வகுத்தது. அவ்வெல்லை பின்னர் தளர்த்தப்பட்டதாயினும், அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் வயற்பக்கமாக நகர்ந்துவிட்டன. தொழில் கடலிலே, குடியிருப்பு உள்ளே என்றானபோது, வாடிக்கும் வீட்டுக்கும் இடையே புதிதாக ஒரு தூரம் முளைத்தது. நடந்து கடக்கவும் இயலாத, கூலி கொடுத்துக் கடக்கவும் கட்டாத அத்தூரத்துக்கு ஏற்ற வாகனம் துவிச்சக்கர வண்டியே. அலை அடித்துச் சென்றவற்றுள் அதுவும் ஒன்று என்பதுதான் துயரம்.

எமது வாப்பா மீன் வியாபாரி. கரையில் மீன் எடுத்து, பின்னால் மரப்பெட்டி கட்டிய வண்டியில் சம்மாந்துறைப் பக்கம் கொண்டுபோய் விற்பார். அவ்வண்டியும் அலையோடு போயிற்று. சில மாதங்களின் பின், கடல் கடந்த நாடொன்றின் சைக்கிளோட்டக் கழகம் தன் உறுப்பினர் பாவித்த வண்டிகளைச் சேர்த்து அனுப்பியிருந்தது. வாப்பாவுக்கும் ஒன்று கிடைத்தது. பளபளவென்றிருந்தது, கியர் வைத்தது, சில்லு மெல்லியது, ஒரு கையால் தூக்கலாம். நாம் அடைந்த பெருமிதத்துக்கு எல்லையில்லை. ஆனால் அதற்குக் கரியர் இல்லை; பொருத்துவதற்கான துளையும் சட்டத்தில் இல்லை. மீன்பெட்டியை எங்கே கட்டுவது? முதுகில் பை மாட்டிக்கொண்டு வாப்பா சில நாள் சமாளித்தார். பின்னர் டியூப் பழுதாயிற்று. அதன் வால்வு எமது ஊர்ப் பம்புக்குப் பொருந்தாத ஒல்லி வால்வு. அந்த அளவில் டியூபும் கல்முனைச் சந்தையில் இல்லை. திருத்துகிறவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி வந்திச்சி காக்கா, சாமான் வரல்லியே" என்றார். அவ்வண்டி எம் வீட்டுப் பின்வளவில் வேலியோடு சாய்ந்து நின்றது. அடுத்த மாரிக்கு அதன்மேல் பாகற்கொடி படர்ந்தது. உம்மா அதில் காய் பறித்துக் கறியாக்கினார்.

அனுப்பியவர்கள் தீயவர்கள் அல்லர். தம்மிடமிருந்த நல்லதையே அனுப்பினர். தபாற்செலவும் அவர்களே ஏற்றிருப்பர். அவர்களது வண்டி ஓய்வுநாளில் உடலுக்குப் பயிற்சி தருவது. எமது வாப்பாவின் வண்டியோ உலை கொதிக்கச் செய்வது. இவ்வேறுபாட்டை அறிய விரும்புவோர் 1948இல் இத்தாலிய நெறியாளர் டி சிகா எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தை ஒருமுறை பார்த்தல் நன்று. சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு வண்டி இன்றியமையாதது என்றபோது, வீட்டுக் கட்டில் விரிப்புகளை அடகு வைத்து, முன்னர் அடகில் இருந்த வண்டியை மீட்கிறாள் மனைவி. அவ்வண்டி களவு போனதும் வேலையும் போகிறது. அங்கே துவிச்சக்கர வண்டி ஓர் உழைப்புக் கருவி. கருவியைக் கொடுப்பவன் அதன் தொழிலை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே எம் முறைப்பாடு.

எமது முன்னோர் இதனை அறியாதவரும் அல்லர். பாரியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே புறநானூற்றில் நிற்கும் உப்பு வணிகரை நாம் மறந்துவிடுகிறோம். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், அவனுக்கு உவமையாக எடுத்தது தேரையும் யானையையும் அன்று. உமணர் தம் வண்டியின் அடியிலே கட்டிச் செல்லும் சேமஅச்சை. வழியில் பள்ளமும் மேடும் வரும், பாரம் மிகுதி, இருக்கும் அச்சு முறிந்தாலும் முறியும் என்று கருதி இன்னுமோர் அச்சைக் கூடவே கொண்டு போயினர் அவ்வுழைப்பாளிகள். உப்பு ஏற்றியவனுக்கு வழி தெரியும். அரண்மனை முற்றத்தில் தேர் ஈந்தவனுக்கு அது தெரிய வேண்டிய தேவை இருக்கவில்லை. பெருஞ்சித்திரனார் என்னும் புலவரோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். அதியமான் நெடுமானஞ்சி தம்மை நேரிற் காணாமலே பொருள் கொடுத்தனுப்பியபோது, தாம் வாணிகம் செய்ய வந்தவர் அல்லர் என்று கூறி அதனை ஏற்க மறுத்தார்; தம் தகுதியின் அளவறிந்து தருவது தினையளவாயினும் போதும் என்றார். அளவறிதல் என்பது எம் கழக இளைஞர்க்கு மிகப் பொருந்தும். அவர்கள் வாங்க எண்ணியிருந்தவை யாவும் பெரியோர்க்கான 26 அங்குலச் சில்லு வண்டிகள். பெறுவோர் பட்டியலிலோ ஐந்தாந்தரப் பிள்ளைகள் எழுவர் இருந்தனர். அவர்களின் கால் பெடலுக்கு எட்டாது.

ஆழிப்பேரலையின் பின் இலங்கைக்கு வந்த துவிச்சக்கர வண்டிகள் எல்லாம் எம் வீட்டு வண்டிபோல ஆகிவிடவில்லை. வேறொரு வரலாறும் உண்டு. சைக்கிள் பாகங்கள் செய்யும் சிகாகோ நிறுவனமாகிய ஸ்ராம் என்பதை நிறுவியோருள் ஒருவரான எஃப். கே. டே என்பவரும், அவர் மனைவி லியா மிஸ்பாக் டே என்பவரும் 2005இல் 'வேர்ல்ட் பைசிக்கிள் றிலீஃப்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். 'வேர்ல்ட் விஷன்' நிறுவனத்துடன் இணைந்து அலையால் பாதிக்கப்பட்ட இலங்கை மக்களுக்கு 24,000க்கு மேற்பட்ட வண்டிகளை அவ்வமைப்பு வழங்கியது. அதற்கு நிதி சேர்ப்போருள் மேலைநாட்டுச் சைக்கிளோட்டிகள் பலர். அவ்வமைப்பு அடுத்த ஆண்டில் ஆபிரிக்காவின் சாம்பியாவுக்குச் சென்றபோதுதான் பெரும்பாடம் ஒன்றைக் கற்றது. அங்கே எயிட்ஸ் நோயாளரைப் பேணும் தொண்டர்க்கு வண்டி கொடுக்க முற்பட்டபோது, சந்தையில் கிடைத்த மலிவு வண்டிகள் அந்நாட்டுப் பாதைகளுக்கும் பாரத்துக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. எனவே 'பஃபலோ' எனப் பெயரிட்டுப் பாரமான, கியர் இல்லாத, 100 கிலோ சுமை தாங்கும் கரியர் கொண்ட வண்டியொன்றைத் தாமே வடிவமைத்தனர். அதற்கான உதிரிப்பாகங்கள் கிராமத்துக் கடைகளிற் கிடைக்க வழி செய்தனர். இன்றுவரை இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் திருத்துநராகப் பயிற்றப்பட்டுள்ளனர்.

பாகம் செய்து விற்பவருக்குப் பாகத்தின் அருமை தெரியாதிருக்குமா என்று வாசகர் சிரிக்கலாம். வணிகரின் ஈகையில் வணிகத்தின் நலனும் கலந்திருக்கும் என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஆயினும் வழிமுறையை அதனை வகுத்தவரின் வர்க்கத்தை மட்டும் நோக்கித் தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது. சாம்பியாவின் கிராமப் பாடசாலைகளில் மாணவியர்க்கு இவ்வண்டிகளை வழங்கி ஆய்வாளர் சிலர் விளைவை அளந்து பார்த்தனர். பாடசாலை செல்லும் நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வருகை தராத நாட்கள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இங்கே கருதத்தக்கது, வண்டியைக் கண்காணிக்க ஊரவர் குழுவொன்றும், திருத்துவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரும், உதிரிப்பாக ஏற்பாடும் கூடவே இருந்தமையாகும். சேமஅச்சோடு சென்ற வண்டி அது.

எமது வகுப்பில் உள்ள மாணவி ஒருத்திக்கு முந்திய ஆண்டில் வேறோர் அமைப்பு வண்டி கொடுத்திருந்தது. மேடையில் அவள் வாங்கியபோது கைதட்டியவர்களுள் நாமும் ஒருவர். நாலு மாதம் கழித்து அவள் மீண்டும் நடந்து வரக் கண்டோம். முதலில் பிந்தி வந்தாள். பின்னர் மாலை வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் முறை கேட்டபோதுதான், பிறீவீல் போய்விட்டது என்றாள். அவள் வாப்பா வயலில் கூலிக்குப் போகிறவர். பிறீவீலுக்கும் செயினுக்கும் கொடுக்கும் பணம் அவருக்கு ஒரு நாட்கூலிக்கு மேல். கடற்காற்றில் செயினும் ஸ்போக் கம்பியும் எத்தனை விரைவில் உக்கிப்போகும் என்பதைக் கடற்கரையில் வாழ்வோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு முழு வண்டியை இலவசமாகக் கொடுக்க முன்வந்த ஊரில், ஒரு பிறீவீலைக் கொடுக்க எவரும் இல்லாமற் போயினர். வண்டி கேட்டால் அது தேவை. பிறீவீல் கேட்டால் அது பிச்சை. இப்படியொரு வெட்கத்தை அப்பிள்ளையின் தலையில் ஏற்றியது அவள் வறுமை மட்டுமன்று. நாம் கொடுத்த முறையும்தான்.

மாணவியர் என்றதும் மலரின் பட்டியலை மீண்டும் பார்த்தோம். 25 பேரில் மூவரே பெண்கள். ஏனெனக் கேட்டோம். "பொம்புளப் புள்ளைக்குக் குடுத்தா தம்பிமாருதான் ஓடுவாங்க சேர்" என்று பதில் வந்தது. பருவமடைந்த பெண் துவிச்சக்கர வண்டியில் ஏறுவது பற்றிய முணுமுணுப்பு எமது ஊர்களில் முற்றாக ஓய்ந்துவிடவில்லை என்பதை நாம் அறிவோம். அதே வீதியில் ஆசிரியைகள் பர்தாவுடன் ஸ்கூட்டர் ஓட்டிச் செல்வதையும் நாள்தோறும் காண்கிறோம். ஸ்கூட்டருக்கு இருக்கும் கண்ணியம் துவிச்சக்கர வண்டிக்கு இல்லாமற் போனதற்குக் காரணம் மார்க்கமா, விலையா என்பதை வாசகரே சிந்திக்கலாம்.

இந்தியாவின் பீகார் மாநிலம் எம்மிலும் வறியது. எம்மிலும் கட்டுப்பாடு மிகுந்தது. அங்கே 2006இல், ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவிக்கும் வண்டி வாங்க 2,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. வண்டியாகக் கொடாமல் பணமாகக் கொடுத்தமையால், அவரவர் தத்தம் ஊர்க் கடையில், திருத்தக்கூடிய வண்டியைப் பார்த்து வாங்க முடிந்தது. முரளிதரன், பிரகாஷ் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் இதனை ஆராய்ந்து, வயதுக்குரிய வகுப்பில் சேர்ந்த மாணவியர் தொகை 32 சதவீதம் உயர்ந்ததெனவும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததெனவும் கண்டனர். பாடசாலை 3 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ஊர்களிலேயே பயன் மிகுதி. தம்பிமார் அங்கேயும் இருந்திருப்பர் அல்லவா?

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை இன்னும் அண்மைய உறவு. மொழியாலும், ஓரளவு முஸ்லிம் குடிகளாலும். 1991இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்பித்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் இதனை முன்னின்று நடத்தினார். 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு நகர் வீதியில் வலம் வந்தனர். பின்னர் அங்கு சென்ற பத்திரிகையாளர் சாய்நாத், வேளாண்மைக் கூலிகளும் கல்லுடைக்கும் பெண்களும் தாதியரும் முஸ்லிம் இளம்பெண்களும் மிதித்துச் செல்வதைக் கண்டு எழுதினார். பெண்கள் வண்டி தீர்ந்துபோனபோது ஆண்கள் வண்டியையே அவர்கள் தயங்காது வாங்கினர். எம் பொருளுக்கு முக்கியமானது ஒன்று: அவ்வண்டிகள் தானமாகக் கிடைத்தவை அல்ல. இயக்கத்துப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க ஆட்சியர் வழி செய்தார். ஓட்டப் பழகும் முகாம்கள் நடந்தன. சொந்தக் கடனில் வாங்கிய வண்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அப்பெண்கள் நடக்கவில்லை.

எமது இளைஞர்க்கு இவற்றையெல்லாம் சொன்னபோது, கழகத் தலைவர் ஒரு நேர்மையான பதிலைச் சொன்னார். "சேர், இருபத்தஞ்சு சைக்கிள வரிசையா நிப்பாட்டினா போட்டோ வரும். பிறீவீல வரிசையா வெச்சா என்ன வரும்? வெளிநாட்டில இரிக்கிற நம்ம ஆக்கள் காசு அனுப்புறது அந்தப் போட்டோவப் பாத்துத்தான்." இதனை நாம் எளிதிற் தள்ளிவிடவில்லை. கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று உழைத்தவன் அனுப்பும் பணம் அது. தன் பணம் என்னவாயிற்று என்று காண அவனுக்கு உரிமையுண்டு. ஆனால் அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதானே? பழுதான வண்டியைத் தோளில் தூக்கி நடந்தவன்தானே? அவனுக்குச் சொன்னால் விளங்காதென்று நாம் ஏன் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்?

மார்க்கக் கல்வி பெற்ற எமது மக்களுக்கு இதனை விளக்கப் புறநானூறும் தேவையில்லை. கொடுத்தவர் மாண்ட பின்னரும் நன்மை ஓடிக்கொண்டேயிருக்கும் தர்மத்துக்கு ஸதகா ஜாரியா என்று பெயர். ஓடிக்கொண்டிருத்தல் என்பதே அச்சொல்லின் பொருள். வக்பு செய்யப்பட்ட சொத்தின் வருமானத்தில் முதற்செலவு அச்சொத்தைப் பழுதுபார்ப்பதற்கே என்பதும் சட்டநூலார் கண்ட முறை. பள்ளிவாசலுக்குத் தோப்பு எழுதி வைத்தவர்கள் வேலி கட்டும் செலவையும் நினைத்தே எழுதினர். துவிச்சக்கர வண்டிக்கு வரும்போது மட்டும் வேலியை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் எமது நிலை பிழையாக விளங்கப்படும். பிள்ளை ஐந்து கிலோமீற்றர் மிதிக்க வேண்டியிருப்பது ஏன்? உயர்தர விஞ்ஞான வகுப்பு அருகில் இல்லை, பஸ் வருவதில்லை, வந்தாலும் பாடசாலை நேரத்துக்கு வருவதில்லை. இவை கழகங்கள் தீர்க்கும் காரியங்களல்ல. அரசு செய்ய வேண்டியதைக் கேட்கும் குரலை ஒரு துவிச்சக்கர வண்டி அடக்கிவிடுமாயின் அக்கொடை எமக்கு வேண்டாம். ஆனால் பஸ் வரும்வரை அம்மாணவி நடந்துகொண்டேயிருக்கட்டும் என்று சொல்லவும் எமக்கு நாவெழவில்லை.

சைக்கிளோட்டக் கழகம் ஏனைய சமூகசேவைச் சங்கங்களைப் போன்றதன்று. பிரதான வீதியில் இருட்டில் விளக்கின்றி மிதித்தால் பின்னால் வரும் லொறிக்காரனுக்குத் தெரியாது என்பதும், மழைக்காலத்தில் பிரேக் பிடிக்காது என்பதும் அதன் உறுப்பினர்க்குக் கேள்வியறிவல்ல, பட்டறிவு. அவர்களில் பெரும்பாலோர் தம் வண்டியைத் தாமே கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள். வெள்ளிக்கிழமை ஓட்டத்தில் ஒருவனுக்குப் பஞ்சரானால் இருபது பேரும் நின்று ஒட்டுப் போட்ட பின்னரே நகர்வார்களாம். அவர்களே பெருமையுடன் சொன்னது. அந்த ஒழுக்கம் மலரின் 48 பக்கங்களில் ஒன்றிலும் இடம்பெறவில்லை என்பதே எமக்குப் பெருங்குறையாகத் தோன்றியது.

25 வண்டிக்குப் பதிலாக 20 கொடுத்து, எஞ்சிய பணத்தை உதிரிப்பாகத்துக்கும் கருவிக்கும் ஒதுக்கலாம்; பாடசாலை வளவில் மாதம் ஒரு சனிக்கிழமை கழகத்தவரே வந்து திருத்திக் கொடுக்கலாம்; மேல்வகுப்பு மாணவர் சிலருக்கும் மாணவியர் சிலருக்கும் அத்தொழிலைப் பழக்கலாம்; சிறிய பிள்ளைகளுக்குச் சிறிய சில்லு வாங்கலாம் என்றோம். பொருளாளர் குறித்துக்கொண்டார். தலைவர் எதுவும் சொல்லவில்லை. நிர்வாகக் குழுவிற் பேசிச் சொல்வதாகக் கூறி எழுந்தனர். போகும்போது, வாழ்த்துரை மட்டும் புதன்கிழமைக்குள் வேண்டும், அச்சகத்தார் நெருக்குகிறார் என்றனர்.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும், வாப்பாவின் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த அதே திருத்துநரிடம் சென்றோம். முதுமை அவர் கையை இன்னும் தளர்த்தவில்லை. 2022இல் தம் கடை முன்னே நின்ற வரிசையைப் பற்றி இன்றும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். "பெற்றோல் கடைக்குப் புறகு எண்ட கடைதான் சேர்" என்பார். இருபது வண்டி ஒரு வருடம் ஓட என்னென்ன வேண்டும் என்று கேட்டோம். சில்லைச் சுழற்றிக்கொண்டே சொல்லச் சொல்ல எழுதினோம். டியூப் இருபது, டயர் பத்து, செயின் பத்து, பிறீவீல் எட்டு, பிரேக் கட்டை நாற்பது சோடி, போல்ஸ் ஒரு பெட்டி, ஸ்போக் கம்பி இரண்டு கட்டு, வால்வு றப்பர் ஒரு சுருள், ஒட்டுப் போடும் சொலுசன் ஒரு டசின், கிறீஸ் ஒரு டின், நல்ல பம்பு இரண்டு. சற்று யோசித்துவிட்டு, "பின்னுக்குப் போடுற சிவப்புக் கண்ணாடி இருவது எழுதுங்க சேர், அது இல்லாமத்தான் போன வருசம் ஒரு புள்ளையப் பறி குடுத்தம்" என்றார்.

அப்பட்டியலை நல்ல தாளில் எழுதி, மேலே "வாழ்த்துரை" என்று தலைப்பிட்டு, கீழே எமது கையொப்பமிட்டுப் புதன்கிழமை காலையிலேயே பொருளாளரிடம் கொடுத்தனுப்பினோம். இது மலரில் எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று கேட்டு மாலையில் ஒருவரை அனுப்பியிருந்தார்.